பி பாசிட்டிவ் அக்கா

எங்கள் ஊர் மணிமுத்தாறு வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும். பி பாசிட்டிவ் அக்காவின் வாய் ஒரு நாளும் வறண்டதில்லை. விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் வருவதை அறிவிக்கும் ஒலிபெருக்கி கெட்டுப்போனால் அக்காவைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று எங்கள் கம்பெனியில் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒலிபெருக்கி, ரயில் வராத நேரத்தில் சும்மா இருக்கும்.

நான் அப்போது செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பில் போடும் வேலையில் இருந்தேன். கொலு பொம்மைகளும் கரண்ட் கம்பத்துக்கான பீங்கான் சாமான்களும் செய்கிற கம்பெனி. அக்கா ஃபினிஷிங் பிரிவில் இருந்தார். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில், இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவர் வேலை. மற்ற பெண்கள் பொம்மையைத் துடைப்பார்கள். அக்கா பொம்மையோடு பேசுவார். "மூஞ்சிய என்னாடி இப்பிடி வச்சிருக்குற, மாமியா வூட்டுக்குப் போறாப்ல?" என்று லட்சுமி பொம்மையை அதட்டுவார். செட்டியார் பொம்மைக்குத் தொந்தி அதிகம் என்று அவருக்குத் தோன்றிவிட்டால் சுரண்டிச் சுரண்டி இளைக்க வைத்துவிடுவார். ஒரு சீசனில் எங்கள் கம்பெனிச் செட்டியார்கள் அத்தனை பேரும் பத்தியம் இருந்தவர்களைப் போலச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து கடைக்காரர் முதலாளிக்குப் போன் போட்டு, "செட்டியாருக்கு உடம்பு சரியில்லையா சார்?" என்று விசாரித்தார்.

அக்காவின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். எங்களில் யாருக்கும் தெரியாது. அவரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். என்னை "யம்மா கம்ப்யூட்டரு" என்பார். அவர் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் சூளையில் நெருப்புப் பார்க்கிறவர். அந்த மனிதர் பேசி நான் கேட்டது மிகக் குறைவு. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அக்காவே பேசிவிடுவதால் அவருக்கு அந்த வேலை மிச்சம்.

கல்யாணமாகி வெகுகாலம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. முப்பத்தைந்தை நெருங்கும்போது அக்கா முழுகாமல் இருப்பது தெரிந்தது. அந்தச் செய்தியைப் பேட்டைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்காவே சொன்னார், காம்பவுண்டுக்கு உள்ளேயிருந்தபடியே, எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து.

அடுத்து ரத்தப் பரிசோதனை நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்த நர்ஸ் நல்ல பெண். அவர் நினைத்ததும் நல்லதுதான். அக்காவை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார்: "ஒங்களுக்கு பி பாசிட்டிவ்க்கா. யாருகிட்டயும் சொல்லிக்காதீங்க. அடுத்த தடவ வரும்போது வூட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க."

அக்காவிடம் போய், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொன்னால் என்ன ஆகும்? மதியச் சாப்பாட்டுக்குள் பேட்டை முழுவதும் தெரிந்துவிட்டது.

"பி பாசிட்டிவாம்! யாரும் கண்ணு வச்சிடுவாங்கன்னு அந்தப் பொண்ணு ரகசியமாச் சொல்லுது. எங்க வூட்டுக்காரரு லைசென்ஸுலயும் அதான் போட்டிருக்குது. நாங்க ஜாதகம்கூடப் பாக்காமக் கட்டிக்கிட்டவங்க. ரத்தம் எப்பிடிப் பொருந்திக் கெடக்குது பாரு!"

"பாசிட்டிவ்னா என்னாக்கா?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

"நல்லதுன்னு அர்த்தம். டிவியில தெனமும் சொல்றாங்கல்ல, பாசிட்டிவா இருங்க, பாசிட்டிவா இருங்கன்னு? நான் பொறப்புலயே அப்பிடி."

அன்றிலிருந்து அவர் பெயர் பி பாசிட்டிவ் அக்கா ஆகிவிட்டது. அதோடு விட்டாரா? கம்பெனியில் யார் யாருக்கு பி பாசிட்டிவ் ரத்தம் என்று விசாரித்து ஒரு கட்சியே ஆரம்பித்துவிட்டார். கட்சிக்காரர்களுக்கு மதியம் மாங்காய் ஊறுகாயில் பெரிய துண்டு. என் முறை வந்தபோது, எனக்கு ஓ குரூப் என்று சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓவா? ஓன்னா முட்டையாச்சே!" என்று சொல்லிவிட்டு, பாவம் பார்த்து ஊறுகாய் எண்ணெயில் துளி தொட்டு வைத்தார்.

வீட்டுக்காரரைக் கூட்டிப்போகவில்லை. சூளை ஏற்றிவிட்டால் அவர் நகர முடியாது. "ஜோடியாப் பாக்கணும்னு ஆசப்படுதுங்க. புள்ள பொறக்கட்டும், மூணு பேருமாப் போயி நிக்குறோம்" என்று அக்கா சொல்லிவிட்டார். அடுத்த தடவை போனபோது வேறு நர்ஸ் இருந்தார். கையில் கொடுத்த கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அக்காவுக்கும் இல்லை, அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்துப் பூட்டிய அவர் வீட்டுக்காரருக்கும் இல்லை.

அப்படியே மாதங்கள் போயின. ஒரு நாள் கம்பெனியில் அச்சு தூக்குகிற ஒருவர் லாரியிலிருந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு பி பாசிட்டிவ் ரத்தம் வேண்டும் என்று போன் வந்தது. கட்சிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா ஸ்பாஞ்சைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போக வேண்டாம் என்று முதலாளி என்னையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். அக்கா நேராக உள்ளே போய், "எங்க படுக்கணும்?" என்றார்.

அவர் வயிற்றைப் பார்த்தார். "யாருக்கும்மா ரத்தம் வேணும்?"

"வேணாம், குடுக்க வந்திருக்குறேன். பி பாசிட்டிவ்வு. சுத்தமான ரத்தம்."

"மாசமா இருக்கறவங்ககிட்ட எடுக்க மாட்டோம்மா."

"ரவயூண்டு எடுத்துக்கங்க. எங்க ரெண்டு பேருக்கும் போக மிச்சம் இருக்குது."

"எடுக்கக் கூடாதும்மா. நீங்க வந்ததே பெருசு. போயி ஒக்காருங்க."

"அப்ப பேர எழுதி வச்சிக்கங்க. புள்ள பொறந்ததும் வரேன். என்னிய மாதிரி பி பாசிட்டிவ்வு ஒங்களுக்குக் கெடைக்காது. நர்சம்மாவே ஓரமாக் கூட்டிட்டுப் போயி, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு காதுல சொன்னாங்கன்னா பாத்துக்கங்க!"

பெயர் எழுதப்போன மனிதர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "ரத்த குரூப்ப எதுக்கும்மா காதுல சொல்லணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்த மனிதரே எங்களை மாடியில் இருந்த பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார். மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அக்காவின் ரத்த வகை ஓ பாசிட்டிவ். என்னைப் போலவே முட்டை. நர்ஸ் சொன்ன பி என்பது ஹெபடைடிஸ் பி. கல்லீரலைக் கெடுக்கிற கிருமி என்று டாக்டர் விளக்கினார். காமாலை என்ற சொல் காதில் விழுந்ததும் அக்கா இரண்டு கீழ் இமைகளையும் விரலால் இழுத்துக் காட்டினார்.

"நல்லாப் பாருங்க டாக்டரம்மா. கண்ணு வெள்ளையாத்தானே இருக்குது? மஞ்சளே இல்லையே!"

"இது நெறைய பேருக்கு மஞ்சளாக் காட்டவே காட்டாதும்மா. வருஷக்கணக்கா உள்ள சத்தமில்லாம இருக்கும். அதனாலதான் யாருக்கும் தெரியுறதில்ல."

சாப்பாட்டில் வராது, தொட்டால் வராது, ஒரே டம்ளரில் குடித்தால் வராது என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ரத்தத்தால் வரும், புருஷன் பெண்டாட்டி உறவால் வரும், சுத்தமில்லாத ஊசியால் வரும். பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். கைக்குழந்தையில் வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் தங்கிவிடும். இதைச் சொல்லிவிட்டு, "ஒங்க அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவர் அம்மா இறந்துவிட்டாராம். வயிறு ஊதித் தண்ணீர் கோத்துக்கொண்டதாம். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் அறுத்தார்களாம், முச்சந்தியில் பூசணிக்காய் உடைத்தார்களாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, அதுவும் இதே கிருமியாக இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். "எங்கம்மா எனக்குன்னு ஒரு மூக்குத்திகூட வச்சிட்டுப் போவல. குடுத்த சீரு இது ஒண்ணுதான் போலருக்குது. பாவம், குடுக்குறோம்னு அதுக்கே தெரியல" என்றார். பிறகு கையை வயிற்றின் மேல் வைத்தார். "இத நான் இதுக்குக் குடுக்க மாட்டேன் டாக்டரம்மா. என்னா செய்யணும், சொல்லுங்க."

செய்ய வேண்டியது நிறைய இருந்தது. அக்காவுக்கு இன்னும் சில பரிசோதனைகள், மாத்திரை. வீட்டுக்காரருக்குப் பரிசோதனை, இல்லையென்றால் தடுப்பூசி. எல்லாவற்றிலும் முக்கியமானது, குழந்தை பிறந்த உடனே, அன்றைக்கே, முடிந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அதற்கு இரண்டு ஊசி. ஒன்று வழக்கமான தடுப்பூசி. இன்னொன்று, தாய்க்குக் கிருமி இருக்கிற குழந்தைக்கென்று தனியாகப் போடுவது. அதற்குப் பிறகு மற்ற தடுப்பூசிகளைத் தவணை தவறாமல் போட வேண்டும். அப்படிச் செய்தால் குழந்தை தப்பிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது, தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் இதை அங்கே ஞாபகப்படுத்திவிடுங்கள் என்றும் சொன்னார்.

"நான் மயக்கமாக் கெடந்தன்னா?"

"கூட இருக்கறவங்க சொல்லட்டும்."

இந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம். கூட இருக்கிறவர்கள் என்று டாக்டர் சொன்னது வீட்டு மனிதர்களை. அக்கா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வலி எங்கே வரும், எப்போது வரும், அந்த நேரம் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஊரில் உள்ள எல்லாருக்கும் சொல்லி வைத்துவிடுவது என்று ஆட்டோவில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டார். முதலில் ஆட்டோக்காரருக்குச் சொன்னார். அந்த மனிதர் பாலக்கரை வருவதற்குள் இரண்டு தடவை ஒப்பித்துக் காட்ட வேண்டியிருந்தது.

கம்பெனியில் சொன்ன அன்றைக்கே பி பாசிட்டிவ் கட்சி கலைந்தது. கொடுத்த ஊறுகாய் திரும்பி வந்தது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு தனி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு பெண் கீழாநெல்லியை அரைத்து உருண்டையாக எடுத்துவந்தாள். அவளாவது நல்ல மனதோடு வந்தாள். மற்றவர்கள் மணையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி, ஒரு வாரத்தில் அக்காவைச் சுற்றி ஒரு மைதானமே உண்டாகிவிட்டது. வீட்டில் புருஷன்மார் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அவளோடு உட்காராதே என்று. நடத்தை சரியில்லாதவர்களுக்கு வருகிற நோய் என்றும் ஒருத்தி சொன்னாள், அக்காவின் காதில் விழுகிற மாதிரி.

அக்கா அதற்கெல்லாம் பதிலுக்குப் பதில் கொடுத்தார். வாயில் அவரை ஜெயிக்க முடியுமா? ஆனால் மதியம், பொம்மைகள் காய்கிற பலகைகளுக்குப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் ஏதோ பில்லைத் தேடிப்போன இடத்தில் பார்த்தேன். ஒரு வாய் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையார் பொம்மைகளிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்க எனக்கு வாயில்லை, என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊறுகாயில் முதல்முறையாக எனக்குப் பெரிய துண்டு கிடைத்தது.

இனிமேல் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எல்லாரும் சங்கடப்பட்டார்கள். வெறும் அக்கா என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "முழுப்பேரச் சொல்லு. மொதல்ல தப்பாச் சொல்லிக்கிட்டேன், இப்ப சரியாச் சொல்லிக்குறேன். பேரு அதேதான்" என்றார்.

வீட்டுக்காரருக்குப் பரிசோதனையில் கிருமி இல்லை. தடுப்பூசி போட உட்கார வைத்தபோது அந்த மனிதர் டாக்டரிடம் பேசிய ஒரே வாக்கியம், "வலிக்குமாங்க?" என்பது. சூளை வாயில் நின்று நெருப்பைக் கிளறுகிறவர். அக்கா அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மாமியார்தான் ஒத்துவரவில்லை. அவர் கருவேப்பிலங்குறிச்சியில் மூத்த மகனோடு இருந்தார். கட்டுமஸ்தான உடம்பு, அளந்து பேசுகிற பெண்மணி. "இத வெளிய சொன்னா வமுசத்துக்கே அசிங்கம். பொறந்த ஒடனே பச்ச ஒடம்புல எவளாவது ஊசி குத்துவாளா? தீட்டு கழியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வளைகாப்புக்கு வந்த இடத்தில் மருமகளிடம் சொன்னார். அக்கா, "அன்னிக்கே போடணும் அத்த" என்று மட்டும் சொன்னார். மாமியாரிடம் மட்டும் அக்காவின் குரல் உயராது.

வளைகாப்புக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று மாமியார் ஆக்கி வைத்தது எல்லாம் பாத்திரத்தில் அப்படியே இருந்தது. வந்தவர்களும் வளையலை விரல் நுனியால் பிடித்து, அக்காவின் கை தங்கள் மேல் படாமல் போடப் பார்த்தார்கள். அப்படிப் போட்டால் கண்ணாடி வளையல் உடையாமல் என்ன செய்யும்? ஒன்று மணிக்கட்டில் உடைந்து கீறிவிட்டது. ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அவ்வளவுதான், பெண்கள் எல்லாரும் சுவரோரம் போய்விட்டார்கள்.

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா தன் கையைத் தானே துணியால் அழுத்திக் கட்டினார். உடைந்த துண்டுகளைத் தானே பொறுக்கினார், தரையை மருந்து போட்டுத் துடைத்தார். பிறகு, "ரத்தத்தப் பாத்து வெலகுனீங்க பாருங்க, அது சரி. அதுலதான் இருக்குது. யாரு ரத்தமா இருந்தாலும் வெறுங்கையால தொடாதீங்க" என்றார். கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சாதப் பாத்திரத்தைக் காட்டினார். "சோத்தப் பாத்து வெலகுறீங்களே, அதான் தப்பு. அதுல புளிதான் இருக்குது. எங்கத்த ராவெல்லாம் நின்னு ஆக்குனது. அதுக்காகவாவது ரெண்டு வாய் சாப்புட்டுப் போங்க."

முதலில் கீழாநெல்லிப் பெண் வந்து இலைமுன் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. மாமியார் பரிமாறினார்.

அக்காவின் பெரிய பிரசாரம் பஸ்ஸில் நடந்தது. விடுமுறை நாட்களில் மாமியார் ஊருக்குப் போய் வருவார். அந்த வழி டவுன் பஸ்ஸில் அவருக்கென்று கண்டக்டருக்குப் பின்னால் ஒரு சீட்டு. பஸ் புறப்பட்டதும் ஆரம்பித்துவிடுவார். நானும் ஒரு தடவை கூடப் போயிருக்கிறேன்.

"எனக்கு என்னா இருக்குது?"

"பி பாசிட்டிவ்!" என்று காலேஜ் பெண்கள் கோரஸாகச் சொல்வார்கள்.

"ரத்தமா, கிருமியா?"

"கிருமி!"

"எம் புள்ளைக்கு என்னா போடணும்?"

"ரெண்டு ஊசி!"

"எப்ப?"

"பொறந்த ஒடனே!" இதைக் கண்டக்டரே சொல்வார். அவருக்கு அது அப்படிப் பழகிப்போய், ஒரு நாள் சில்லறை கேட்ட பெரியவரிடம், "பொறந்த ஒடனே தரேன், ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டாராம்.

சிலர் முகம் சுளித்தார்கள். பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று ஒருவர் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் நான் போன அன்றைக்கே வேறொன்றையும் பார்த்தேன். இறங்கும் இடத்தில் ஒரு பெண் அக்காவின் முந்தானையைப் பிடித்து நிறுத்தி, தன் தங்கை மாசமாக இருக்கிறாள், இந்தப் பரிசோதனையை எங்கே செய்வது என்று தணிந்த குரலில் கேட்டாள். இன்னொருத்தி, தனக்கும் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது என்றாள். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிற அக்காவிடம்தான் பெண்கள் தங்கள் ரகசியங்களைச் சொன்னார்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும்.

வலி, சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அக்கா மாமியார் ஊரில் இருந்தார். பக்கத்தில் மருத்துவச்சி யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று மாமியார் சொல்ல, அக்கா பையை எடுத்துக்கொண்டு நடந்து போய் விருத்தாசலம் பஸ்ஸில் ஏறிவிட்டார். மாமியார் பின்னாலேயே ஓடிவந்து ஏறியிருக்கிறார். வழியில் ரத்த அழுத்தம் கூடிப்போய், அக்காவுக்குக் கண் செருகிவிட்டது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்து ஒரே ஊதாக ஊதி, எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கே விடச் சொல்லிவிட்டார். அவர்தான் கம்பெனிக்குப் போன் செய்தார்.

நானும் அக்காவின் வீட்டுக்காரரும் ஓடிப்போய்ப் பார்த்தால், ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் டவுன் பஸ் நிற்கிறது. கீரைக்கட்டு, உரமூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி சகிதம் பயணிகள் எல்லாரும் பிரசவ வார்டு வாசலில் நிற்கிறார்கள்.

"கூட வந்தவங்க யாரு?" என்று இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து கேட்டார்.

"நாங்கதான்!" என்றது பஸ்.

"இவங்களுக்கு வேற ஏதாவது பிரச்சனை இருக்கா?"

"பி பாசிட்டிவ்!" என்று பஸ் முழுவதும் கத்தியது.

டாக்டர் திரும்பி நர்ஸிடம், "பி பாசிட்டிவ் ரத்தம் இருக்கான்னு கேளுங்க" என்றார்.

"ரத்தம் இல்லீங்க!" "கிருமிங்க!" "ரெண்டு ஊசிங்க!" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தியதில் டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அக்கா உள்ளே நினைவில்லாமல் கிடந்தார். நான் சொல்லப் பார்த்தது அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அவர் இத்தனை மாதம் தொண்டை வற்றக் கத்தியது எல்லாம் கத்தலாலேயே வீணாகிவிடும் போலிருந்தது.

அப்போது மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தலையில் முக்காடு போட்டிருந்ததை எடுத்துவிட்டு, டாக்டரை நேராகப் பார்த்தார்.

"எம் மருமவளுக்குக் கல்லீரல்ல பி கிருமி இருக்குதுங்க. ரத்தம் ஓ பாசிட்டிவ். புள்ள பொறந்த அன்னிக்கே ரெண்டு ஊசி போடணும். ஒண்ணு தடுப்பூசி. இன்னொண்ணு பேரு என் வாயில நொழைய மாட்டேங்குது, ஒங்களுக்குத் தெரியும். இவளப் பாக்குற டாக்டரம்மா மேல இருக்காங்க, கேட்டுக்கங்க. அவ எந்திரிச்சா மொதல்ல இதத்தான் கேப்பா. நான் பதிலு சொல்லியாவணும்."

டாக்டர் தலையசைத்து உள்ளே போனார். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். அக்கா கண் விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. "போட்டாச்சா?" என்றார்.

"ரெண்டு தொடையிலயும் போட்டாச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்" என்றார் மாமியார். "வீல்னு ஒரு கத்து கத்துனா பாரு, ஆஸ்பத்திரியே திரும்பிப் பாத்துச்சு. ஒன் வாயிதான்."

அதற்குப் பிறகும் அக்கா நிம்மதியாக இல்லை. ஊசி வேலை செய்ததா என்று குழந்தைக்கு ஒரு வயசு வாக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை ஒரு தடுப்பூசித் தவணையும் தவறவில்லை. தினமும் காலையில் குழந்தையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இமையை இழுத்துப் பார்ப்பார். மஞ்சளே காட்டாத கிருமி என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் பார்ப்பார். குழந்தை தூங்கியபிறகு, "இது தப்பிச்சிடும்ல, கம்ப்யூட்டரு?" என்று என்னிடம் கேட்பார். தப்பிச்சிடும்க்கா என்பேன். எனக்கு என்ன தெரியும்?

ரிப்போர்ட் வாங்கப் போன அன்றைக்கு என்னையும் கூட்டிப்போனார். குழந்தை கருவேப்பிலங்குறிச்சியில் பாட்டியிடம் இருந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், சிரித்தார். "கொழந்தைக்குக் கிருமி இல்லம்மா. எதிர்ப்புச் சக்தியும் நல்லா வந்திருக்குது. நீங்க மட்டும் மாத்திரையையும் செக்கப்பையும் விட்டுடாதீங்க" என்றார்.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. படி இறங்கும்போது சொல்லவில்லை, பஸ் ஸ்டாண்ட் வரை நடக்கும்போதும் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. மாமியாரிடம் சொல்ல அந்த ஊர்ப் பஸ்ஸில் ஏறினோம். அதே கண்டக்டர். இன்றைக்கு ரிப்போர்ட் என்று அவருக்குத் தெரியும், பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"என்னாச்சுக்கா?" என்றார் கண்டக்டர்.

அக்கா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மறுபடியும் திறந்தார், மறுபடியும் வரவில்லை. பஸ் முழுவதும் அடங்கிப்போனது. முன் சீட்டில் ஒரு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க! கிருமி இல்லீங்க! நல்லா இருக்குதுங்க!" என்று கத்தினேன். கடைசி சீட்டில் இருந்தவருக்குக் கேட்கவில்லையாம், "என்னாம்மா சொல்ற?" என்றார். அவருக்காக இன்னொரு தடவை கத்தினேன்.

அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதார், என் துப்பட்டா முழுவதும் நனைந்தது. அந்தப் பஸ் ராமேஸ்வரம் வரைக்கும் போயிருந்தாலும், நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறினவர்களுக்கெல்லாம் அவருக்காக நான் கத்திக்கொண்டே போயிருப்பேன்.